தசரா லீவு

போர் வற்றிய பிறகு
எதிர் அபார்ட்மென்ட்காரர்கள் குளித்த தண்ணீரில்தான்
என் கொத்தமல்லி.

சுத்திகரித்து, கருப்புக் குழாயில்
சர்ஜாபுரம் ரோடு தாண்டி விடுகிறார்கள்.
திங்கட்கிழமை நுரைத்துக்கொண்டு வரும்.
ஞாயிறு பத்து மணிக்கு மேல், சோம்பலாக.
எந்த வீட்டில் யார் என்று தெரியாது,
எப்போது எழுகிறார்கள் என்று தெரியும்.

தொட்டியிலிருந்து ஏற்ற
ராத்திரி ஒரு மணிக்குத்தான் மும்முனைக் கரண்ட்.
வீட்டுக்காரர் ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஓட்டப் போயிருப்பார்.
பகணிப் பத்திரத்தில் விவசாயி அவர்.
பயிர்க்கடன் கேட்டுப் போனால்
"அவரைக் கூட்டிட்டு வாம்மா" என்கிறார்கள்
என் நகத்துச் சேற்றைப் பார்த்துக்கொண்டே.

இந்தத் தசராவுக்கு ஐந்து நாள் லீவு.
அத்தனை பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.
குழாயில் காற்று இருமியது.
மூன்றாம் நாள் குடத்தில் சுமந்தேன்.
நான்காம் நாள் இடுப்பு எழவில்லை.
பாதிப் பாத்தி மஞ்சள்.
மார்க்கெட் டெம்போக்காரன் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப்
போய்விட்டான்.

இன்று விடியுமுன்
குழாயில் காதை வைத்துக் கிடக்கிறேன்.
ஒரு களகளப்பு.
மேலே எந்த மாடியிலோ
எனக்கு முன்பே எழுந்து
பாத்திரம் கழுவியிருக்கிறாள்
ஒருத்தி.