ஏழாவது கோப்பு

யீஷூன் வீட்டு பாம் ஷெல்டருக்குள்
போர் எதுவும் வந்ததில்லை.
அரிசி மூட்டை, உடைந்த மின்விசிறி,
பத்தொன்பது வருடக் காகிதம்.

இரும்புக் கதவைத் திறந்துவைத்துத்
தரையில் உட்கார்ந்தோம், தவமணியும் நானும்.
சிபிஎஃப் ஒரு கோப்பு. வீட்டுக்கடன் ஒன்று.
மகனின் தடுப்பூசிப் புத்தகமும் தேசிய சேவைக் கடிதமும்
ஒரே உறையில் போதும் என்றாள்.
ஊசிக்கு அழுதவன்
இப்போது துப்பாக்கி துடைக்கிறான்.
செத்துப்போன ஐஸ்பெட்டிக்கு
உத்தரவாத அட்டை பத்திரமாக இருந்தது.

கரண்ட் பில்களைக் கிழித்துக்கொண்டிருந்தபோது
ஒட்டுப் பிரிக்காத ஒரு வெள்ளை உறை.
திருமதி ரொஹானா பிந்தே சாலே, புளோக் 421.
நாங்கள் 412.
முத்திரையில் 2013, மார்ச்.
எவரோ எண்ணைப் புரட்டிப் போட,
நாங்களும் பார்க்காமல்
வரிக் கடிதங்களோடு அடுக்கியிருக்கிறோம்.

சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினேன்.
திறந்த சீனப் பையனுக்கு
அப்படி யாரையும் தெரியவில்லை.

"பிரிச்சுப் பாத்துடலாமா?"
"சும்மா இருங்க."
புதுக் கோப்பொன்றை எடுத்து
முதுகில் எழுதினாள்: நம்முடையது அல்ல.

அந்த மார்ச்சில்தான்
துவாஸ் கம்பெனி ஒன்றின் பதிலுக்காக
தினம் இரண்டு தடவை
தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
சாவி வளைந்தே போயிற்று.

நான் அதைச் சொல்லவில்லை.
அவளும் எதையும் நினைவுபடுத்தவில்லை.
பேனாவை மூடிக்கொண்டே,
"421ல எத்தனை மாடி?" என்றாள்.

பன்னிரண்டு.