பெறுகைச் சீட்டு

போர்த்தோவின் வார்ப்படச் சாலையிலிருந்து
லாரியில் வந்து சேர்ந்தார் அமைச்சர்.
மரப்பெட்டி, வைக்கோல், மல்லாந்த கிடை,
மூக்கின்மேல் ஒட்டிக்கொண்ட செய்தித்தாள் துண்டு.
நகராட்சிப் பண்டகசாலையில்
கையெழுத்திட்டு வாங்கியவள் நான்.

பொருள்: வெண்கலச் சிலை, ஒன்று.
எடை: நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
வழங்கியவர்: சிற்பி கிராசா வில்யேனா, அன்பளிப்பாக.
நிலை:

அங்கே பேனா நின்றது.
மக்களை நோக்கி நீட்டிய வலது கையில்
மோதிர விரல் பாதிதான் இருந்தது.

வைக்கோலைக் கிளறினோம். பெட்டியைக் கவிழ்த்தோம்.
லாரிப் பையன் தன் தாய்மேல் சத்தியம் செய்தான்.
‘குறைபாடு’ என்று மையால் எழுதி
காப்பீட்டுக்கு மூன்று பிரதிகள் அனுப்பினேன்.

சிற்பியின் பதில் அஞ்சலட்டையில் வந்தது.
“உடையவில்லை.
முகத்துக்கு ஒரு மணி நேரம் தந்தார் உங்கள் அமைச்சர்,
அதில் பாதி தொலைபேசிக்குப் போயிற்று.
கைகளுக்கு நேரமில்லையாம்.
அப்போது உங்கள் ஊரில்தான் குடியிருந்தேன்.
கீழ்வீட்டில் செஃபெரீனு, வேலை போனவன்,
நாள் முழுக்க அசையாமல் உட்காரக் கூடியவன்.
கைகள் அவனுடையவை.”

செஃபெரீனு.
மத்தி அடைக்கும் ஆலையில்
டப்பாவுக்கு மூடி பதிக்கும் எந்திரம் அவனுக்கு.
ஆலையை மூடிய ஆணையில்
அமைச்சரின் கையெழுத்துக்கு நீண்ட வால்.
நகல் என் அலமாரியில், பச்சைக் கோப்பில்.

மன்றம் மூன்று மணி நேரம் கூடியது.
மிச்ச விரலை ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர்.
கையுறை மாட்டலாம் என்றார் இன்னொருவர்;
யாரும் சிரிக்கவில்லை, பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.
அமைச்சரின் மருமகள் எழுதியிருந்தாள்:
மாமாவுக்குப் பியானோ விரல்கள்.
கடைசியில் காசில்லை.
அப்படியே நிறுத்தினார்கள், மீன்சந்தைக்கு எதிரே.

திறப்பு நாளில் கடற்காற்று.
திரை அவர் மூக்கில் மாட்டிக்கொள்ள
கைதான் முதலில் வெளியே வந்தது.
மத்தி அரிந்துகொண்டிருந்த ஒருத்தி
கத்தியைக் கீழே வைத்தாள்.
“அடியே, இது நம்ம செஃபெரீனு!”
மேயர் உரையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார்.

இப்போதெல்லாம் சந்தைப் பெண்கள்
கடை கட்டிப் போகையில்
அந்தக் கையைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள்,
செதில் ஒட்டிய விரல்களால்.

செஃபெரீனு அந்தப் பக்கம் வருவதில்லை.
போன செவ்வாய்
தண்ணீர் வரி கட்ட என் சன்னலுக்கு வந்தான்.
மிச்சச் சில்லறைக்காகக் கையை நீட்டினான்.
மூன்று பிரதிகளில் அதைப் பற்றி
நான் என்ன எழுதியிருந்தேன் என்பது
அவனுக்குத் தெரியாது.
காசை எண்ணுவதுபோல்
வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.