அப்பால இன்னா ஆச்சி

பதினோரு வருஷமாக
சிந்தாதிரிப்பேட்டைக் கண்ணாடிக் கடையில்
எதிரே உட்காருபவர் கையில்
அந்த அட்டையைக் கொடுத்துவருகிறேன்.
மேலே யானை எழுத்து,
கீழே வரவர எறும்பு.
‘படிங்க’ என்பேன், நாளைக்கு முப்பது தரம்.
நான் படித்ததும் அந்த ஆறு வரிதான்.
படித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது,
எந்த வரியில் திக்குகிறார்கள் என்று கேட்டேன்.

நந்தனம் புத்தகக் காட்சியில்
மூன்று ஜனவரிகளில் வாங்கிய ஒன்பது புத்தகங்கள்
பிளாஸ்டிக் உறை பிரியாமல் அரிசி டிரம் மேல்,
மிக்ஸி வயர் எட்டாதபோது
மிக்ஸிக்கு அடியில்.
தடித்த வரலாறு ஒன்று மட்டும் பிரிந்தது.
பத்தொன்பதாம் பக்கத்தில்
கரண்ட் பில் ரசீதை அடையாளம் வைத்தேன்.
அதற்கப்புறம் நாலு தடவை
கரண்ட் பில் கட்டியாயிற்று.

நாற்பத்திரண்டில் எனக்கே பிளஸ் ஒன்றே கால்.
ஊசி கோக்க,
மாத்திரை அட்டையில் தேதி தேட,
கீரையில் புழு பார்க்க.
பில்லில் என்னவோ
‘படிக்கும் கண்ணாடி’ என்றுதான் போட்டிருந்தது.

ஆடி மாதம், ஆளில்லாத மத்தியானம்,
புதுப்பேட்டை ஆட்டோக்காரர் தணிகாசலம் வந்தார்.
லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன்.
கடைசி எறும்பு வரியை
பந்தயத்தில் ஜெயித்தவர்போலப் படித்தார்:
‘படகோட்டி கயிற்றை அவிழ்க்கையில் கரையிலிருந்து ஒரு’
நிறுத்தினார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெள்ளை.

‘அப்பால இன்னா ஆச்சி?’
‘அவ்ளோதாண்ணே கார்டு.’
‘இன்னா மேடம், பாதில வுட்டுட்டானா!’

சிரித்தபடி அட்வான்ஸ் கொடுத்துப் போய்விட்டார்.
எனக்குத்தான் போகவில்லை.
கரையிலிருந்து ஒரு
குரலா, நாயா, கல்லா?
பதினோரு வருஷம்
ஒரு மனுஷனைக் கயிறும் கையுமாக நிறுத்திவிட்டு
பவர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சேப்பாக்கம் ஸ்டேஷன் படி இறங்கும் இடத்தில்
முப்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன்.
முதல் பக்கத்தில் யாரோ
வசந்தகோகிலா, பி.காம்., கையெழுத்து.
இரண்டாம் பக்கத்திலேயே பிணம்.
ஏற்காடு, பங்களா, பனி.
‘இதெல்லாம் ஒரு படிப்பா’ என்று
எனக்குள் ஒருத்தி கேட்டாள்.
லேடீஸ் பெட்டியில்
அவளுக்கு உட்கார இடமில்லை.

முதல் வாரம் தரமணி வரைக்கும்தான் தாங்கியது.
கண் ஜன்னலுக்கு ஓடிவிடும்,
கை போனைத் தேடும்.
போனை டிபன் டப்பாவுக்கு அடியில் புதைத்தேன்;
சாம்பார் கசிந்த அன்று மட்டும் தோண்டினேன்.
பிடிக்காததை நாற்பது பக்கத்தில் மூடினேன்.
பூச்சி கத்தரிக்காயை
காசு கொடுத்தோமே என்று தின்கிறோமா?
வரலாற்றுக்குள் இருந்த ரசீதையும் உருவினேன்,
கோபமில்லை, பிறகு பார்ப்போம்.

கோட்டூர்புரம் தாண்டினால் ஆறு நாறும்.
பெட்டியே மூக்கைப் பொத்தும்.
ஒரு நாள் மந்தைவெளி வந்த பிறகுதான் தெரிந்தது,
ஆறு போய்விட்டது.

கண்ணாடி வாங்க வந்த தணிகாசலத்திடம்
படகைப் பற்றி ஆரம்பித்தேன்.
‘எந்தப் படகு?’ என்றார்.

நேற்று சிந்தாதிரிப்பேட்டையும் போய்விட்டது.
பார்க் டவுனில் இறங்கி
எதிர் நடைமேடையில் நிற்கிறேன்.
கடைச் சாவி என் பையில்.
ஷட்டருக்கு வெளியே முதலாளி,
அவர் தலைக்கு மேலே வெயில்.
என் தலைக்கு மேலே இரும்பில்
இடம் பார்க்கிறது ஒரு புறா.
எஸ்டேட் மேனேஜர்
மாடிக் கதவைத் தட்டப் போகிறான்,
உள்ளே விளக்கு அணைகிறது.

வேளச்சேரி வண்டி
எட்டு நிமிஷம் தாமதமாம்.

எட்டுதானா?