பதினெட்டு

மழை தொடங்கினால் குளச்சலில் இரும்புக்கெல்லாம் ஜலதோஷம்.
கதவுத் தாழ், சைக்கிள் மணி, பீரோச் சாவி
ஓரிரவில் மூக்கொழுகும்.
ஆயுத அறையின் மேகசின்கள் என் பொறுப்பு.

எழுபத்திரண்டு. விலாவில் வெள்ளைப் பெயின்டில் எண்.
வெயில் வந்த நாளில் அடித்தட்டைக் கழற்றி
ஸ்பிரிங்கை உருவி
சாளை வயிறு கழுவுகிறவளைப் போல
உள்ளே துணி விட்டுத் துடைப்பேன்.
எண்ணெய் பேருக்குத்தான்.
விரலில் தடவி, விரலையே துடைத்துவிட்டுத் தொடுவது.
கூடினால் மருந்து நனையும்,
வேண்டிய நேரத்தில் தோட்டா ஊமையாகும்.
வாயின் உதடிரண்டும் நெளியக் கூடாது.
கீழே போட்டவன் சொல்ல மாட்டான். உதடு சொல்லும்.

இருபது கொள்ளும், பதினெட்டுதான் இடுவோம்.
ஏன் என்றால் ஆளுக்கொரு காரணம்.

நிறைத்தே வைத்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிடும் என்றார் புது எஸ்.ஐ.
இல்லை சார்.
அழுந்திக் கிடப்பதால் அது சோராது.
அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கி, விட்டு
அப்படித்தான் ஓயும்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் ஸ்பிரிங்கைத்தான் சொன்னேன்.

அம்மா மேகசின் பார்த்துக்கொள்கிறாள் என்று
மகள் கட்டுரையில் எழுத
வாரப் பத்திரிகையா, மாதப் பத்திரிகையா என்று கேட்டாராம் டீச்சர்.
மாதம்தான், டீச்சர்.

துறைமுகத்தில் கூட்டம் கூடிய அன்று
பன்னிரண்டு போயின, கையெழுத்தோடு.
கூட்டத்தின் முன்வரிசையில்
கைலியை முழங்காலுக்கு மடித்துக் கட்டி
என் நாத்தனார் மகன் டார்வின்.
எதுவும் சிக்கிவிடக் கூடாது என்று துடைத்த அதே விரல்களால்
எல்லாம் சிக்கட்டும் என்று
ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பன்னிரண்டும் திரும்பின.
பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு.
"எக்கா, வல்லதும் குறைஞ்சிருக்கா?"
லத்தியைக் கக்கத்தில் இடுக்கிச் சிரித்தான் ஷாபின்.
இல்ல மக்கா, எல்லாம் சரியா இருக்கு.

அவன் போன பிறகு
நாற்பத்தொன்றின் மேல் தோட்டாவை எடுக்கையில்
நகத்தில் ஏதோ நெருடியது.
கறுப்பு மணல்.
மணவாளக்குறிச்சிப் பக்கம் அலை ஒதுக்கிப்போடுமே, மினுங்குகிற மணல்.
காந்தத்தை நீட்டினேன். மணல் தாவி ஒட்டியது,
பித்தளை அசையவில்லை.
அதன் விளிம்பில் புதுக் கீறல், பல் பட்டது போல.

குழலுக்குள் ஏறியிருக்கிறது இது.
பிறகு இழுத்து வெளியே விட்டு
மணலில் விழுந்ததைக் குனிந்து பொறுக்கி
ஊதி, பழையபடி மேலே இட்டிருக்கிறான்.
எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது?
ஒரு மூச்சு?
ஒரு அருள் நிறைந்த மரியே?
எவன் நெற்றிக்கு நேரே?

பதிவேட்டில் நாலு கட்டம்.
எண், கொடுத்தது, வந்தது, குறைவு.
கீறலுக்குக் கட்டமில்லை.
குறைவில் ஒரு கோடு இழுத்தேன்.
தோட்டாவைத் துடைத்து அடியில் இட்டு
மேலே பதினேழை அடுக்கினேன்.

அடுத்த காவலுக்கு வந்து கையெழுத்துப் போட்டான்.
நாற்பத்தொன்றை நீட்டினேன்.
"வேற நம்பர் தாருங்கெக்கா."

ஏன் என்று கேட்கவில்லை.
நாற்பத்திரண்டைக் கொடுத்தேன்.
அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது.