பதினாறில் ஒன்று

அபிஷேகப்பட்டியில் இரவு இரண்டே கால்.
கணினி அறை ஏசி
வாளியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
பெட்டிக்குள் என் கண்ணாடி:
இரண்டாயிரம் மணிகள்.
அவசரமாகக் குளிரவைத்தேன்,
வரிசை பிடிக்க நேரம் தரவில்லை.
கீழ ரத வீதியில் திடீர் மழைக்கு
ஒதுங்கிய கூட்டம் மாதிரி
ஓடியது ஓடிய இடத்திலேயே உறைந்துவிட்டது.

கற்கண்டு வேறு.
நூலில் பிடித்த பனங்கற்கண்டுக்குள்
ஒன்றைத் தட்டினால்
எல்லாம் சேர்ந்து போகும், சேர்ந்து வரும்.
தாழ்ந்த சுருதியில் ஊர் முழுக்க ஒரே அலை.
கண்ணாடியிலும் அந்த அலை உண்டு.
அதோடு இன்னொன்றும் உண்டு.

அதைப் பார்க்கப் பெட்டியைச் சின்னதாக்க வேண்டும்,
நீண்ட அலை கால் நீட்டிப் படுக்க
இடமில்லாத அளவுக்கு.
அலை போன பிறகு அடித்தட்டில் மிச்சம்
ஒரு மூலையில் முப்பது மணிகள்.
மெதுவாக, மிக மெதுவாக
முன்னும் பின்னும் அசைகின்றன.
மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதும்
எதிர் வீட்டுச் சண்டைக்கு
ஜன்னல் சாத்தியவர்கள்போல் நிற்கின்றன.

சுருதி இறங்க இறங்க இவை அரிதாகும்.
பாதியாக இறக்கினால்
பதினாறில் ஒன்றுதான் தேறும்.
எதை உருக்கி எதை உறையவைத்தாலும்
திரும்பத் திரும்ப அதே நாலாம் அடுக்கு.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்;
அது வந்து நாலு மாதம்.

போன மாதம் ஓர் எண்
கழித்தல் குறியோடு வந்து நின்றது.
'மெஷின் ஒனக்கே அல்வா குடுத்துட்டு பாத்தியா'
என்றான் அடுத்த மேசை பிரமநாயகம்.
இந்த ஊரில் இருந்துகொண்டு
அதைக் கேட்டுக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.
கழித்தல் என்றால் இன்னும் அடங்கவில்லை,
பள்ளம் என்று நினைத்து
மேட்டில் நிறுத்திவிட்டேன் என்று அர்த்தம்.
இருபது மணி நேரம் மேலும் இறக்கினேன்.
அடங்கியது.

சனிக்கிழமை பேட்டை வீட்டில் பாகப் பத்திரம்.
கூடத்தில் பதினேழு பேர்.
கரண்ட் இல்லை, ஃபேன் நின்றுவிட்டது.
வக்கீல் குமாஸ்தா நான்கெல்லை வாசித்தார்:
கிழக்கே பொன்னையா வகையறா புஞ்சை,
வடக்கே வண்டிப்பாதை.
யாரும் அசையவில்லை.
எனக்குப் பழக்க தோஷம்,
ஒவ்வொருவர் மேலும் ஓர் அம்புக்குறி
வரைந்து பார்த்தேன்.
எல்லாம் வெறும் புள்ளி.

மதினி கோமுவின் மெட்டி விரல் மட்டும்
தரையைத் தொட்டுத் தொட்டு விலகியது.
மடியில் இருந்த சில்வர் தட்டு,
தட்டில் வெற்றிலைக் காம்பு,
மேலே சாய்ந்து தூங்கிய சின்னவளின் பின்னல்,
எல்லாம் அதே தாளத்தில், லேசாக.
அவ்வளவுதான் அதன் வட்டாரம்.
பக்கத்துப் பாயில் இருந்த என் அண்ணன் வரைக்கும்கூட
அது போகவில்லை.

'சம்மதந்தானம்மா?'
எல்லோருக்கும் சம்மதம்.
அவளுக்கும்.
பத்திரம் பிசிறில்லாமல் முடிந்தது,
காப்பி வந்தது,
கரண்டும் வந்தது.

மெத்தென்ற இடம் என்போம் எங்கள் பாஷையில்.
வெளியிலிருந்து அழுத்தினால்
கண்ணாடி முதலில் நழுவுவது அங்கேதான்.
பெரும்பாலும்.
என் வரைபடத்தில் அந்தக் கோட்டுக்கு
ஒட்டாத புள்ளிகளும் நிறையக் கிடக்கின்றன,
அவற்றை நான் அழிக்கவில்லை.

இரண்டு நாற்பது.
கடைசிப் பெட்டி ஓடி முடிந்தது.
இதுவரை வந்ததிலேயே
மிகச் சிறிய எண் திரையில் இருக்கும்.
பார்க்காமல் போனை எடுத்தேன்.
'முழிச்சிருக்கியா மதினி?'

அனுப்பியதும்
இரண்டு டிக்கும் நீலமாயின.