கட்டணமில்லாச் சீட்டின் பின்பக்கம்

ஞாயிறு காலை ஆறேகால்.
அண்ணா பேருந்து நிலையத்தில்
மீன்கூடைகள் இறங்கி முடிந்த வண்டியில்
நான் ஏறுகிறேன்.
சும்மாடு கட்டிக்கொண்டே கேட்கிறாள் வியாகுலம்:
"கடப்புறத்துல ஆரு இருக்கா ஒனக்கு?"
உப்புக்கொத்தி என்றால் சிரிப்பாள்.
"தெரிஞ்சவங்க" என்கிறேன்.

மெஷின் ஒரு சீட்டைத் துப்புகிறது.
மகளிர். கட்டணம் பூஜ்யம்.
மூன்று மாதத்தில் மங்கிவிடும் இந்தப் பூஜ்யம்.
பின்பக்கம் நான் பேனாவால் எழுதுவது நிற்கும்.
டிரங்குப்பெட்டியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன,
முன்னால் ஒன்றுமில்லாத சீட்டுகள்.

வாரத்தில் ஆறு நாள் கோட்டாற்றில்
பிறர் ரத்தத்தின் வெள்ளணுக்களை எண்ணுகிறவள் நான்.
கண்ணாடிச் சில்லில் கட்டங்கள்.
இடக்கோட்டில் விழுந்ததைச் சேர்,
வலக்கோட்டில் விழுந்ததை விடு.
ஏழாம் நாளும் கட்டைவிரல் கேட்பதில்லை.

சங்குத்துறையில் இறங்கிக் கிழக்கே நடக்கிறேன்.
வெயிலை முதுகுக்கு வை என்பார்கள்
பறவை பார்க்கத் தெரிந்தவர்கள்.
அவர்களிடம் கார் இருக்கிறது.
எனக்கு பஸ் நேரப்படி
முகத்துக்கு நேரே சூரியன்,
அதற்கு முன்னால் எல்லாமே கறுப்பு.
ஆலாவும் காக்கையும்
பக்கத்தில் வரும்வரை ஒரே சாதி.

பள்ளத்தில், வலை காயும் மணலில்,
என் செருப்புக்கும் தன் வளைக்கும் நடுவே
ஒரு நண்டு நின்று கணக்குப் போட்டது.
நானும் நின்றேன்.
அலைதான் பொறுமை இழந்தது.

அப்புறம் ஓர் ஆமை. செத்தது.
துடுப்பில் நைலான் நூல்.
நாய் மோந்துவிட்டு வேறு வேலைக்குப் போயிற்று.
இதை எண்ணுவதா?
ஒன்று என்று எழுதி
சுற்றி வட்டம் போட்டேன்,
மறுபடி பார்க்கச் சொல்லி
டாக்டருக்கு அனுப்பும் சில்லில் போடுவதுபோல.

மேலமணக்குடிப் பாலம்.
ஒரு டிசம்பரில் கடல் பிய்த்தெறிந்த
பழைய பாலத்தின் துண்டின்மேல்
நீர்க்காகங்கள் நான்கு,
சிறகை விரித்துப் போட்டபடி.
கோயில் மணிக்கும் அசையவில்லை.
காயல் ஓரச் சேற்றில் ஒரு தடம்:
ஐந்து விரல், இடையில் சவ்வு இழுத்த கோடு.
நீர்நாயா? கேள்விக்குறி.
எட்டே முக்கால் வண்டியைப் போல
வந்துபோன அடையாளம் மட்டும்.

கீழமணக்குடி தாண்டி உப்பளம்.
பாத்தி பாத்தியாகத் தண்ணீர்,
பாத்தி பாத்தியாக நெடுங்கால் உள்ளான்கள்
தங்கள் சிவப்புக் கால்களின் தலைகீழ்மேல் நின்றுகொண்டு.
ஐயோ, இது என் கட்டம்!
இடவரப்பில் நிற்பதைச் சேர்,
வலவரப்பில் நிற்பதை விடு.
நூறு. நூற்றைம்பது.
மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டில்
வளைவில் வண்டி ஹாரன் அடித்தது.

அத்தனையும் எழுந்தன.
சில்லு கை தவறி உடைந்ததுபோல இருந்தது.

"வாறீளா இல்லியா?
அடுத்தது பன்னண்டரைக்காக்கும்."
படியிலிருந்து கண்டக்டர் றசாலம்.
ஏறினேன். கோபம் அடங்கவில்லை.
"எண்ணிட்டிருந்தேன். கெடுத்துட்டீங்க."
அவர் குனிந்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.
ஒரு தடவைதான்.
"முந்நூறு காணும்.
படியில தொங்குகதையும் சேத்தா முந்நூத்திப் பத்து."
"எப்பிடி?"
"இருவத்திரண்டு வருசமா
தலை எண்ணுகதுதானே பொழைப்பு."

புதுச் சீட்டின் பின்னால் எழுதினேன்:
212 வரை நான்.
மிச்சம், றசாலம்.

பிறகு அவர் பாஸ் பார்த்தார்,
சில்லறைக்கு ஒருவரிடம் சண்டை போட்டார்,
இரண்டு பையன்களைப் படியிலிருந்து உள்ளே தள்ளினார்.
நான் தூங்கிவிட்டேன் போல.

சுசீந்திரம் குளத்தருகே
பின்னாலிருந்து ஒரு குரல்,
நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற அதே தொனியில்:
"இங்க அம்பத்தி மூணு.
ஒண்ணு முங்கிக் கெடக்கு.
அதையும் சேக்கணுமா?"