இடது முன்பக்கம்

"எது மேல மோதுனீங்க?"
"ஆள் மேல."
"ஆள் எங்க?"
"இல்ல சார்."

ரைட்டர் அரியமுத்து பேனாவை மூடினார்.
காகிதங்கள் மின்விசிறிக்குப் பறக்காமல்
மேலே ஒரு பழைய பைக் பிஸ்டன் உட்கார்ந்திருந்தது.
மணி பதினொன்றேகால்.

சொன்னேன்.
மாயாகுளம் விலக்கு தாண்டி
உடைமரங்கள் ரோட்டுக்குள் குனிகிற இடம்.
எதிரே வந்த மீன் லாரி
வெளிச்சத்தைக் கண்ணில் கொட்டிவிட்டுப் போனது.
அது போனபின் இருட்டு இன்னும் கொஞ்சம் இருட்டு.
அந்தக் கொஞ்சத்துக்குள் ஒரு சைக்கிள்.
பெரிய சத்தமில்லை. பீரோ கதவைச் சாத்துகிற சத்தம்.
இறங்கி டார்ச் அடித்தேன்.
சைக்கிளின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.
ஒற்றைச் செருப்பு கிடந்தது.
காட்டுக்குள் யாரோ
ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினார்கள்.
"நில்லுங்க, நான் ஆஸ்பத்திரில வேலை பாக்குறவ, நில்லுங்க!"
கத்தக் கத்த
இழுக்கும் சத்தம் வேகமானது.

இவ்வளவும் சொன்னேன்.
சாக்கைச் சொல்லவில்லை.

கேரியரில் கட்டியிருந்த உரச்சாக்கு.
வாய் அவிழ்ந்து, ஈரமாய், உள்ளே மெதுவாய்ப் புரண்டுகொண்டு
நாற்பதோ ஐம்பதோ கடல் அட்டைகள்.
அடிபட்டவன் ஏன் ஓடினான் என்று
இந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.
ஸ்டேஷன் வாசலில், என் கார் டிக்கியில்
அது இருந்தது.

ரைட்டர் வாசித்துக்கொண்டே எழுதினார்:
"ஜெசிந்தா, வயது 41, த/பெ அந்தோணிப்பிச்சை,
எக்ஸ்ரே டெக்னீசியன் என்பவர்
தனது காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்..."
"நாப்பதுலதான் சார் வந்தேன்."
"அதிவேகம் இல்லாட்டி வாக்கியம் நிக்காதும்மா."

அப்புறம் அவரே நிறுத்தினார்.
"வாதியும் நீங்க, எதிரியும் நீங்க.
காயம்பட்டவருக்கு என்ன எழுத?"
நான் பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் அங்கே ஒரு கோடு போட்டார்.

வண்டியைப் பார்க்க வெளியே வந்தார்.
இடது முன்பக்கம் நசுங்கியிருந்தது.
விளக்கின் கண்ணாடி பாதி இல்லை.
விரலால் தடவிப் பார்த்தார்.
பின்னால் நடந்தார்.
டிக்கிக்குக் கீழே தரையில்
சொட்டுச் சொட்டாய் ஒரு குட்டிக் குளம்.
"ஏசி தண்ணியா?"
"ஆமா சார்."

ஏசி தண்ணீர் முன்னாலல்லவா சொட்டும்?
அவருக்கும் மூக்கு இருந்தது,
இருபது வருஷம் கடற்கரை ஸ்டேஷன்களில் இருந்த மூக்கு.
குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கொட்டாவி விட்டார்.
"காலையில வந்து ரசீது வாங்கிக்கங்க.
செருப்பு, சைக்கிள் இங்க இருக்கட்டும்."

இரண்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்று
சாக்கைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
சில மூழ்கின, சில மிதந்தன.
பிழைத்ததற்கும் செத்ததற்கும்
அவசரத்தில் வித்தியாசமே இல்லை.

இது போன வியாழன்.

இந்த வாரம் என் மேஜையில்
மூன்று இடது கால்கள், மூன்றும் முழங்காலுக்குக் கீழே.
ஒருவர் பனையிலிருந்து விழுந்தாராம்.
ஒருவர் மாடிப்படியில்.
ஒருவர் வல்லத்தில் ஏறும்போது.
பனைக்காரரின் செருப்பு புத்தம் புதுசு,
விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை.
படிக்காரர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை.
மூன்றாமவரிடம் "அசையாதீங்க" என்றேன்.
அந்தக் குரலுக்குச் சட்டென்று தலை தூக்கினார்.

மூன்று படத்தையும் விளக்கில் மாட்டி
என் பம்பரைத் தேடினேன்.
விரிசல்கள்தான் இருந்தன,
ஆற்றுப் படம் மாதிரி.

"எப்படி அடிபட்டுச்சுன்னு
இதுல எழுதிருப்பீங்களா?"
வல்லக்காரர்தான் கேட்டார்.

"இல்லங்க.
இடதா வலதா, அது மட்டும்தான்."